இரவில் செல்போன்: தூக்கம் எங்கே கெடுகிறது, எப்படி மீட்பது? முழுமையான வழிகாட்டி

செல்போனால் தூக்கம் கெடுகிறது என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது நீல ஒளியைத்தான். அதற்காகத் தனிக் கண்ணாடி வாங்குகிறார்கள், திரையை மஞ்சளாக்குகிறார்கள். பிறகு அதே போனை நள்ளிரவு வரை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் கெடுதலின் பெரும்பங்கு ஒளியில் இல்லை. போன் தூங்கவேண்டிய நேரத்தைத் தின்கிறது, அடங்கவேண்டிய மனத்தைக் கிளப்பிவிடுகிறது, தூங்கியவரை நடுவில் எழுப்புகிறது. ஒளி நான்காவதாகத்தான் வரும். ஆகவே சரிசெய்வதும் இந்த வரிசையில் நடக்கவேண்டும்.

நேரம் போவதன் கணக்கு

வயது வந்தவருக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி, 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி. காலை 6 மணிக்கு எழவேண்டிய ஒருவர் 11 மணிக்குப் படுத்து, 12.30 வரை ரீல்ஸ் பார்த்தால் மிஞ்சுவது ஐந்தரை மணி. தினம் ஒன்றரை மணி வீதம் ஆறு இரவுகளில் 9 மணி நேரம் போய்விடுகிறது. அது ஒரு முழு இரவின் தூக்கத்தைவிட அதிகம்.

எந்தப் பகுதி போகிறது என்பதும் முக்கியம். தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக நடக்கிறது. உடலைத் தேற்றும் ஆழ்ந்த தூக்கம் இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கில் அதிகம். கனவுகள் நிறைந்த ‘ரெம்’ தூக்கம் விடியலை ஒட்டிய பகுதியில் அதிகம். தாமதமாகப் படுத்து அலாரம் வைத்து எழுபவர்களுக்கு வெட்டுப்படுவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் பகுதிதான். மனவெழுச்சிகளைச் சமன்படுத்துவதிலும் கற்றதை நினைவில் பதிப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. இரவு 1 மணி வரை போன் பார்த்துவிட்டு, 5 மணிக்கு எழுந்து படிக்கும் பிளஸ் டூ மாணவருக்குப் படித்தது தங்காமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஒளியின் உண்மையான பங்கு

விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட சில செல்கள் உண்டு. சுமார் 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளிக்கு அவை அதிகம் கிளர்ச்சியடைகின்றன. ‘இன்னும் பகல்தான்’ என்ற செய்தியை மூளையின் உயிர்க்கடிகாரத்துக்கு அனுப்புவது அவைதான். அதனால் இரவின் ஹார்மோனான மெலடோனின் சுரப்பு தள்ளிப்போகிறது.

ஆனால் அளவைப் பாருங்கள். அமெரிக்காவில் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் நடத்தி 2014 இறுதியில் வெளியான புகழ்பெற்ற ஆய்வில், 12 பேர் படுக்குமுன் 4 மணி நேரம் ஐபேடை முழு வெளிச்சத்தில் வைத்துப் படித்தார்கள். அச்சுப் புத்தகம் படித்த நாட்களோடு ஒப்பிட்டால் மெலடோனின் பாதிக்குமேல் குறைந்தது, உடல் கடிகாரமும் ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. தூக்கம் வரக் கூடுதலாக ஆனது என்னவோ ஏறத்தாழ 10 நிமிடம்தான். பிரிகாம் யங் பல்கலைக்கழகம் 167 இளைஞர்களிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஐபோனின் ‘நைட் ஷிஃப்ட்’ மஞ்சள் திரையைப் பயன்படுத்தியவர்களுக்கும் பயன்படுத்தாதவர்களுக்கும் மொத்தத்தில் தூக்கத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

எனவே மஞ்சள் திரை கெடுதல் இல்லை, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதைப் போட்டுவிட்டோம் என்ற தைரியத்தில் கூடுதலாக அரைமணி பார்த்தால் நஷ்டம் உங்களுக்கே. வெளிச்சம் குறைத்த போன் திரையைவிடக் கூடத்தில் எரியும் வெள்ளை எல்இடி ட்யூப்லைட் கண்ணுக்கு அதிக ஒளியைத் தருகிறது என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

உடம்பில் தெரியும் விளைவுகள்

தூக்கம் தொடர்ந்து குறையும்போது இன்சுலினுக்கு உடல் ஒத்துழைப்பது குறைகிறது. ரத்தச் சர்க்கரை ஏறுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் கூடி, வயிறு நிறைந்ததைச் சொல்லும் லெப்டின் குறைவதால் நொறுக்குத்தீனி தேடுகிறது. ரத்த அழுத்தம் உயர்கிறது, எரிச்சல் கூடுகிறது. சர்க்கரை நோயாளிகள் மாத்திரையையும் சோற்றின் அளவையும் மாற்றிமாற்றிப் பார்ப்பதற்கு முன்னால் தூங்கும் நேரத்தை எழுதிப் பார்ப்பது நல்லது.

போனைப் பார்க்கும் நிலையாலும் கெடுதல் உண்டு. திரையை உற்றுப் பார்க்கையில் கண் சிமிட்டுவது வெகுவாகக் குறைந்து கண் வறளும். இருட்டில் ஒருக்களித்துப் படுத்து, ஒரு கண் தலையணையில் புதைந்திருக்க மறு கண்ணால் போன் பார்த்தால், நிமிர்ந்ததும் போன் பார்த்த கண்ணில் சில நிமிடம் பார்வை இல்லாததுபோல் தோன்றலாம். 2016இல் மருத்துவ இதழில் பதிவான நிகழ்வு இது. ஒரு கண் வெளிச்சத்துக்கும் மற்றது இருட்டுக்கும் பழகியதன் விளைவு; தானே சரியாகிவிடும். ஆனால் இரு கண்ணாலும் பார்த்த பிறகும் இப்படி நேர்ந்தால் தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் போகவேண்டும். மடித்த முழங்கையில் வெகுநேரம் போனைப் பிடிப்பவர்களுக்குச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவது அங்கே ஓடும் நரம்பு அழுந்துவதால்தான்.

இனி செய்யவேண்டியவை.

படி 1: ஒரு வாரம் அளந்து பாருங்கள்

எதையும் மாற்றாமல் ஏழு நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள்: படுத்த நேரம், போனைக் கீழே வைத்த நேரம், தூங்கியிருக்கலாம் என்று தோன்றும் நேரம், நடுவில் விழித்த தடவைகள், எழுந்த நேரம். எழுதுவது காலையில்தான். ராத்திரியில் மணி பார்த்தால் அதுவே தூக்கத்தைக் கலைக்கும். தோராயமாக இருந்தால் போதும். போனைக் கீழே வைத்த நேரத்தை மட்டும் நினைவை நம்பாமல், ஆண்ட்ராய்டில் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’, ஐபோனில் ‘ஸ்கிரீன் டைம்’ பக்கத்தில் மணிவாரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மனம் சொல்வதற்கும் அந்தப் பக்கம் காட்டுவதற்கும் பெரிய வித்தியாசம் இருப்பது சகஜம்.

பிறகு ஒரு சின்னக் கணக்கு. தூங்கிய நிமிடங்களைப் படுக்கையில் இருந்த நிமிடங்களால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். 10.30க்குப் படுத்து 6 மணிக்கு எழுந்தவர் படுக்கையில் 450 நிமிடம் இருக்கிறார். 360 நிமிடம்தான் தூங்கினார் என்றால் 80 சதவீதம். 85க்குக் கீழே இருந்தால் படுக்கையில் விழித்துக் கிடக்கும் நேரம் அதிகம் என்று பொருள்.

நோட்டைப் பார்த்தால் நீங்கள் எந்த ரகம் என்பது தெரியும். போனை வைத்த உடனே தூங்கிவிடுகிறீர்கள், ஆனால் வைப்பதே 12.30க்கு என்றால் போவது நேரம். உங்களுக்குப் படி 3, 4, 5 போதும். போனை 10.30க்கே வைத்தும் 12 மணி வரை புரள்கிறீர்கள் என்றால் மனம் அடங்கவில்லை. படி 7 உங்களுக்கு மிக அவசியம். நன்றாகத் தூங்கி நடுவில் பலமுறை விழிக்கிறீர்கள் என்றால் முதலில் அறிவிப்புச் சத்தங்களைச் சந்தேகியுங்கள். அவற்றை நிறுத்திய பிறகும் நீடித்தால் காரணம் போன் இல்லை.

தூக்கத்தை அளக்கும் செயலிகள், வாட்ச்கள் மொத்த நேரத்தை ஓரளவு சரியாகச் சொல்லும். ‘ஆழ்ந்த தூக்கம் இத்தனை சதவீதம்’ என்பது அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்துச் செய்யும் ஊகம். அந்த எண்ணைப் பார்த்துக் கவலைப்பட்டே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

படி 2: எழும் நேரத்தைக் கட்டுங்கள்

படுக்கும் நேரத்தை உங்கள் விருப்பப்படி வரவைக்க முடியாது. எழும் நேரத்தை முடியும். ஞாயிறு உட்பட ஒரே நேரம். அதிகபட்சம் ஒரு மணி நேரம் தள்ளலாம். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் 20 முதல் 30 நிமிடம் மொட்டைமாடியிலோ வாசலிலோ இருங்கள். வீட்டுக்குள் ஒளி சில நூறு லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). வெளியே மேகமூட்டமான காலையில்கூட ஆயிரக்கணக்கில் இருக்கும். காலை வெளிச்சம்தான் உடல் கடிகாரத்தை முன்னே இழுக்கிறது. இரவில் சரியான நேரத்துக்குக் கொட்டாவி வரவைப்பதும் அதுவே.

1 மணிக்குத் தூங்கிப் பழகியவர் திடீரென்று 10 மணிக்குப் படுத்தால் தூக்கம் வராது. வராத எரிச்சலில் மறுபடி போனை எடுப்பார். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னே நகர்த்துங்கள்.

படி 3: போனுக்குப் படுக்கையறைக்கு வெளியே ஓர் இடம்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மனவுறுதியால் போனைத் தள்ளி வைப்பது களைத்துப்போன இரவு நேரத்தில் நடக்காது. கைக்கெட்டாத தூரத்தில் வைப்பது நடக்கும்.

சார்ஜரைக் கட்டில் அருகிலிருந்து எடுத்து, கூடத்திலோ சமையலறையிலோ ஒரு பிளக்கில் நிரந்தரமாக மாட்டுங்கள். வீட்டில் எல்லோர் போனும் அங்கேயே இருக்கட்டும். ஒரே அறையுள்ள வீடு என்றால் பீரோவின் மேலோ, எழுந்து நின்றால்தான் எட்டும் அலமாரியிலோ திரை கீழே பார்க்க வையுங்கள். அலாரத்துக்கு ஒரு சாதாரண மேசைக் கடிகாரம் வாங்கிவிடுங்கள். ‘அலாரத்துக்காகத்தான் பக்கத்தில் வைக்கிறேன்’ என்ற காரணம் அதோடு தீரும். கடிகாரத்தின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள்.

தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடுவதை இன்றே நிறுத்துங்கள். வெப்பம் வெளியேற வழியில்லாமல் லித்தியம் பேட்டரி சூடேறும். பழுதான பேட்டரி அல்லது மலிவான சார்ஜர் என்றால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. கதிர்வீச்சைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ரேடியோ அலைகளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011இல் ‘புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியமுள்ளவை’ என்ற 2பி பிரிவில் வைத்தது. சான்று திடமில்லை, முற்றாகத் தள்ளவும் முடியாது என்பதே அதன் கருத்து. இந்தியாவில் விற்கும் போன்களுக்கு உடல் உறிஞ்சும் அளவு கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக்கூடாது என்பது விதி. தள்ளி வைத்தால் அந்தக் கவலையும் குறையும். ஆனால் தள்ளி வைக்க முதற்காரணம் தூக்கம்தான்.

படி 4: செட்டிங்ஸ்

ஆண்ட்ராய்டில்: செட்டிங்ஸ், டிஜிட்டல் வெல்பீயிங், ‘பெட்டைம் மோட்’. பிராண்டுக்கு பிராண்டு பெயரும் இடமும் மாறும். சாம்சங்கில் ‘மோட்ஸ் அண்ட் ரொட்டீன்ஸ்’ பகுதியில் ‘ஸ்லீப்’ என்று இருக்கும். நேரத்தை, படுக்கும் நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகத் தொடங்கும்படி வையுங்கள். அதில் ‘டூ நாட் டிஸ்டர்ப்’, ‘கிரேஸ்கேல்’ இரண்டையும் இயக்குங்கள். திரை கறுப்பு வெள்ளையானால் ரீல்ஸின் ஈர்ப்பு பாதி போய்விடும். மஞ்சள் திரையைவிட இது பயனுள்ளது.

ஐபோனில்: செட்டிங்ஸ், ‘ஃபோகஸ்’, ‘ஸ்லீப்’. கிரேஸ்கேல், ‘அக்செசிபிலிட்டி’யில் ‘கலர் ஃபில்டர்ஸ்’ கீழே இருக்கிறது.

‘அவசரத்துக்கு யாராவது கூப்பிட்டால்?’ என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. அதற்கு வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அப்பா, அம்மா, மகள் எண்களுக்கு நட்சத்திரக் குறியிட்டு, நட்சத்திர எண்களின் அழைப்பை மட்டும் அனுமதியுங்கள். ‘ரிபீட் காலர்ஸ்’ இயக்கினால் 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைப்பவரின் மணி ஒலிக்கும். ஐபோனில் அது 3 நிமிடம். ஒரு எச்சரிக்கை: வாட்ஸ்அப் அழைப்புகள் இந்த விதிவிலக்குக்குள் வராமல் போகலாம். அவசரம் என்றால் சாதாரண அழைப்பில் இருமுறை கூப்பிடும்படி வீட்டாரிடம் சொல்லிவையுங்கள். அமைத்த அன்றே வேறு போனிலிருந்து கூப்பிட்டுச் சோதித்துப் பாருங்கள்.

வாட்ஸ்அப் குழுக்களை ‘ஆல்வேஸ்’ என்று மியூட் செய்யுங்கள். அப்பார்ட்மென்ட் குழு, பள்ளிக் குழு, சொந்தக்காரர் குழு எதுவும் இரவு 11 மணிக்குச் சத்தம் போடவேண்டியதில்லை. யூடியூபில் ஆட்டோபிளேயை நிறுத்துங்கள். விளம்பர அழைப்புகளை நிறுத்த 1909 என்ற எண்ணில் பதிவு செய்யுங்கள்.

படி 5: கடைசி ஒரு மணி நேரம்

எல்லாத் திரையும் ஒன்றல்ல. பழைய பாட்டு கேட்பதும், வேலை மின்னஞ்சலைப் பார்ப்பதும் மனத்துக்கு ஒரே பாரம் அல்ல. முதலில் விடவேண்டியவை முடிவில்லாமல் உருளும் ரீல்ஸ், ஷார்ட்ஸ், செய்தி விவாதங்கள், ஆன்லைன் விளையாட்டு, பங்குச்சந்தைச் செயலி, அலுவலகக் குழு, குடும்பச் சண்டை நடக்கும் உரையாடல். இவற்றில் அடுத்து என்ன வரும் என்ற எதிர்பார்ப்போ, பதில் சொல்லவேண்டிய கட்டாயமோ இருக்கிறது. உடல் விழிப்பு நிலையிலேயே நிற்கும்.

வெற்றிடமாக விட்டால் போன் திரும்பி வந்துவிடும். அந்த நேரத்துக்கு வேலை ஒதுக்குங்கள்: மறுநாள் துணியை எடுத்து வைப்பது, காய் நறுக்கி வைப்பது, வெந்நீர்க் குளியல், அச்சுப் புத்தகம், வீட்டாரோடு பேச்சு. நாளைய கவலைகளை 5 நிமிடம் தாளில் எழுதிவிடுங்கள். படுக்கையில் அவற்றை மனத்தில் சுமக்கவேண்டியதில்லை.

பிள்ளைகள் அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு அவர்கள் காலையே இங்கே இரவு. வீடியோ அழைப்பை இரவு 8.30க்கோ, நம் காலை 7 மணிக்கோ நிரந்தரமாக வைத்துக்கொண்டால் படுக்கையில் காத்திருக்கவேண்டாம். வளைகுடா நாடுகளுக்கு ஒன்றரை, இரண்டரை மணி நேர வித்தியாசம்தான். ஒரு நேரம் பேசி முடிவு செய்வது சுலபம்.

மாலை 6 மணிக் காபியையும் பாருங்கள். காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். 11 மணிக்குத் தூக்கம் வராமல் போனை எடுப்பவரிடம் காபிக்கும் பங்கு இருக்கலாம்.

படி 6: வீட்டு வெளிச்சம்

இரவு 8.30க்குமேல் கூடத்து ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு, 3 முதல் 5 வாட் ‘வார்ம் ஒயிட்’ பல்பைத் தாழ்வான இடத்தில் போடுங்கள். பெட்டியில் ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு 2700 கெல்வின் என்று இருக்கவேண்டும். நம் வீடுகளில் அதிகம் இருப்பது 6500 கெல்வின் வெள்ளை. ஜீரோ வாட்ஸ் பல்ப் வேண்டுமென்றால் நீலம், பச்சை வேண்டாம், சிவப்பு நல்லது. கழிவறைக்குப் போகப் போன் டார்ச்சை எடுக்காதீர்கள், டார்ச்சோடு வாட்ஸ்அப்பும் திறக்கும். ஒரு சின்ன இரவு விளக்கைப் பாதையில் வையுங்கள்.

படி 7: படுத்தும் தூக்கம் வரவில்லையென்றால்

சுமார் 20 நிமிடம் புரண்டதாகத் தோன்றினால் எழுந்துவிடுங்கள். வேறு இடத்தில், மங்கிய வெளிச்சத்தில், சலிப்பான ஏதாவது செய்யுங்கள். கண் சொருகும்போது மட்டும் திரும்பிப் படுங்கள். எத்தனை முறை ஆனாலும் இதேதான். படுக்கையில் விழித்துக் கிடந்து போன் பார்க்கப் பார்க்க, படுக்கையை விழித்திருக்கும் இடமாக மூளை பழகிக்கொள்கிறது. அந்தப் பழக்கத்தை உடைப்பதுதான் இதன் நோக்கம். தூக்கமின்மைக்கான உளவியல் சிகிச்சையில் 1970களிலிருந்து இருக்கும் முறை இது. முதல் வாரம் கடினம், இரண்டு மூன்று வாரத்தில் பலன் தெரியும். பகலில் தூங்கினால் 3 மணிக்கு முன், 20 நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

எங்கே சறுக்கும்?

முதல் மூன்று நான்கு இரவு கை தானாகப் போனைத் தேடும். தூக்கம் இன்னும் மோசமானதுபோல் தோன்றும். விட்டுவிடாதீர்கள். வெள்ளி, சனி இரவில் படம் பார்த்து 2 மணிக்குப் படுத்து, ஞாயிறு 10 மணிக்கு எழுந்தால் திங்கள் காலைவரை அதன் பாதிப்பு நீளும். ஐபிஎல் காலத்தில் ஆட்டம் முடியவே 11.30 ஆகும், முக்கியமான ஆட்டங்களைத் தேர்ந்து பாருங்கள், மறுநாள் எழும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். வீட்டில் ஒருவர் மட்டும் மாறினாலும் பலிக்காது. பக்கத்தில் படுத்தவரின் திரையும் சத்தமும் உங்களை எழுப்பும்.

குழந்தைகளும் முதியவர்களும்

பிறந்ததிலிருந்து இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், 2 முதல் 4 வயதுக்கு நாளுக்கு ஒரு மணிக்குமேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. போனைக் காட்டிச் சோறு ஊட்டும் பழக்கமே பிறகு போனைக் காட்டித் தூங்கவைப்பதாக வளர்கிறது. பதின்வயதினரின் உடல் கடிகாரம் இயல்பாகவே சற்றுப் பின்தள்ளி ஓடும்; சோம்பேறி என்று திட்டுவதில் பயனில்லை. அவர்கள் போனை மட்டும் பிடுங்கினால் சண்டைதான் மிஞ்சும். அம்மா, அப்பா போனும் அதே பிளக்கில் இருக்கவேண்டும். பள்ளி வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதை 8 மணிக்குள் இறக்கி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

தனியே வசிக்கும் முதியவர்கள், இரவில் அழைப்பு வரும் மருத்துவர்கள், நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் போனை வெளியே வைக்க முடியாது. அவர்களுக்கு ஒரு பழைய பட்டன் போன் போதும். அவசர எண்ணை அதில் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாம்.

எப்போது மருத்துவரிடம்?

வாரத்தில் மூன்று இரவுக்குக் குறையாமல், மூன்று மாதமாகத் தூக்கம் வரவில்லை என்றால் அது நாள்பட்ட தூக்கமின்மை. போனை ஒதுக்குவது மட்டும் போதாது. பலத்த குறட்டையும் மூச்சு நின்று திணறி எழுவதும் தூக்க மூச்சுத்தடையின் அறிகுறிகள். படுத்ததும் கால்களை அசைத்தே ஆகவேண்டும் என்ற உறுத்தல் இரும்புச்சத்துக் குறைவாலும் வரலாம். ரத்தப் பரிசோதனையில் தெரியும். மனம் சோர்ந்து, எதிலும் பிடிப்பில்லாமல் இரவெல்லாம் போனில் கழிகிறது என்றால் மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். போன் பழக்கமே கைமீறிப் போனவர்களுக்காகப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தனி சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. மருந்துக்கடையில் தானாகத் தூக்க மாத்திரை கேட்டு வாங்கவேண்டாம். மருத்துவரிடம் போகும்போது படி 1இல் எழுதிய நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.